காது மாறும்போது சிம்பலை எப்படி மாற்றுவது

டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பிடிப்பது கணீரென்று எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வரும் சிம்பல், அதாவது உலோகத் தட்டுதான். சில ஆண்டுகள் போனதும் அதே ரைடு (தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய சிம்பல்) காதைக் குத்தத் தொடங்கும். சிம்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு ஸ்டிக் படும் 'டிங்'கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த காது, இப்போது அதன் பின்னால் விரியும் ரீங்காரத்தையும் கேட்கிறது. அந்த வேகத்தில் மொத்த செட்டையும் விற்றுவிட்டு வேறொரு செட் வாங்குவதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. எது மாறியது என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு சிம்பலை மட்டும் மாற்றுங்கள்.

எது உறுத்துகிறது?

கைப்பேசியை டிரம்ஸிலிருந்து 4 மீட்டர் தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரே பேட்டர்னை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று ஒவ்வொரு நிமிடம் வாசியுங்கள். அடுத்து வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் கைப்பேசி இருந்த இடத்தில் போய் நில்லுங்கள். வாசிப்பவரின் காது சிம்பலுக்கு ஒரு கை தூரத்தில் இருப்பதால் ஸ்டிக்கின் 'டிக்'கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் மிகையாகக் கேட்கும். நாலு மீட்டர் தாண்டினால் அதே சிம்பல் சாதுவாகிவிடுவது உண்டு. உறுத்தல் ஸ்டூலில் மட்டும்தான் என்றால் சிம்பலை விற்காதீர்கள். உயரத்தையும் சாய்வையும் மாற்றுங்கள், நல்ல இயர் பிளக் வாங்குங்கள்.

பதிவைக் கேட்கும்போது குறையைச் சாதாரணத் தமிழிலேயே எழுதி வையுங்கள். 'குத்துகிறது' என்றால் சுருதி அதிகம்; பெரும்பாலும் சிம்பல் கனமானது. 'கலங்குகிறது, அடி தெரியவில்லை' என்றால் மெல்லியது, அளவுக்கு மீறி விரிகிறது. 'தட்டு மாதிரி இருக்கிறது' என்றால் அது பித்தளைச் சிம்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த வித்தையாலும் திருத்த முடியாது.

காசு செலவழிக்கும் முன்

நைலான் முனை ஸ்டிக் வைத்திருந்தால் மர முனைக்கு மாறிப் பாருங்கள். ரைடில் பாதிக் கூர்மை அங்கேயே அடங்கிவிடும். தடித்த 5பி ஸ்டிக் பிடிப்பவர் ஒரு வாரம் மெல்லிய 7ஏ ஸ்டிக் பிடித்தால், கனமான ஹை-ஹாட்கூட (காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) வேறு குரலில் பேசும். முனை சிறியதாகவும் உருண்டையாகவும் இருந்தால் அடி தெளிவாகும். நீண்டு தடித்திருந்தால் ரீங்காரம் கூடும்.

அடுத்து விங் நட், அதாவது சிம்பலைத் தாங்கியில் பிடித்து வைக்கும் திருகு. பலர் சிம்பல் அசையாதபடி இறுக்கிவிடுகிறார்கள். சிம்பல் விளிம்பை விரலால் தள்ளினால் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். இறுக்கினால் ஒலி செத்துவிடும், விரிசலும் சீக்கிரம் வரும்.

ரீங்காரம் நீள்வதுதான் குறை என்றால், சிம்பலின் அடிப்பக்கத்தில் பெல்லுக்கும் (நடுவே உள்ள குமிழ்) விளிம்புக்கும் நடுவே 5 செ.மீ. காஃபர் டேப் (துணி டேப்) ஒரு துண்டு ஒட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. மூன்றாவது துண்டு தேவைப்பட்டால் அந்தச் சிம்பல் உங்களுக்கானது அல்ல. மாதக்கணக்கில் விட்டால் பசை பிடித்துக்கொள்ளும். வாசித்து முடித்ததும் உரித்துவிடுங்கள்.

பாலிஷ் போடாதீர்கள். காலப்போக்கில் படியும் கருமை மேல் சுருதியைக் கொஞ்சம் அடக்குகிறது. கருத்த ஒலியை, அதாவது கூர்மை தணிந்த ஒலியைத் தேடிக்கொண்டே சிம்பலைப் பளபளவென்று தேய்ப்பவர் எதிர்த்திசையில் நடக்கிறார்.

உலோகம், எடை, வடிவம்

சிம்பல் வெண்கலத்தில் பி20 என்றால் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம். கோயில் மணி வார்க்கும் வெண்கலத்துக்கு நெருங்கிய உறவு. ஒலியில் பல அடுக்குகள் இருக்கும். பி8 என்றால் 92 செம்பு, 8 வெள்ளீயம். ஒலி நேராக, பிரகாசமாக, கூட்டத்துக்குள்ளிருந்து துருத்திக்கொண்டு வரும். பி8 மட்டம் என்று ஒதுக்குவது தவறு. பைஸ்டே நிறுவனம் 1971ல் கொண்டுவந்த '2002' என்ற வரிசை பி8தான். லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பானமின் சிம்பல்கள் அவை. ஆரம்ப செட்டோடு வரும் பித்தளையில் செம்போடு துத்தநாகம் சேர்ந்திருக்கும். அங்கே தேட எதுவும் இல்லை.

உலோகத்தைவிட எடைதான் பெரிய விஷயம். கனமான சிம்பலுக்குச் சுருதி அதிகம், விரிய பலம் வேண்டும், ஸ்டிக் அடி தனியாகத் தெரியும். மெல்லியதற்குச் சுருதி குறைவு, தொட்டதும் விரியும், கிராஷ் (இடையிடையே ஓங்கி அடிக்கும் சிம்பல்) சீக்கிரம் அடங்கும். ஆகவே வாங்கும்போது கிராமைக் கேளுங்கள். 16 இஞ்ச் கிராஷ் ஏறத்தாழ 1,000 கிராமுக்குக் கீழ் இருந்தால் மெல்லியது, 1,200ஐத் தாண்டினால் கனத்தின் பக்கம். 20 இஞ்ச் ரைடு 1,900க்குக் கீழ் மெல்லியது, 2,100 முதல் 2,400 வரை நடுத்தரம், 2,600க்கு மேல் கனம். 22 இஞ்ச் ரைடில் 2,500க்குக் கீழ் மெல்லியது, 3,200க்கு மேல் கனம். சிம்பலில் அச்சிட்டிருக்கும் 'தின்', 'மீடியம்' என்ற சொல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள் தரும். தராசு பொய் சொல்லாது.

வளைவு உயர்ந்திருந்தால் சுருதி ஏறும், தட்டையாக இருந்தால் இறங்கும். பெல் பெரிதானால் சத்தமும் ரீங்காரமும் கூடும். கடைசல் எந்திரம் போடும் வட்டக் கோடுகள் இல்லாமல் கரடாக விட்ட சிம்பல் வறண்டு பேசும்: 'டக்' என்று அடி, பின்னால் கொஞ்சமே மூச்சு. கையால் சுத்தியல் அடித்ததில் குழிகள் ஒழுங்கற்றிருக்கும். ஒலியும் அப்படியே சற்றுக் கோணலாக, சுவையாக வரும். ஜாஸ் டிரம்மர்கள் இஸ்தான்புல்லில் செய்த பழைய 'கே ஜில்ட்ஜியன்' சிம்பல்களைத் தேடி அலைந்தது இதற்காகத்தான். அந்தப் பட்டறையில் தொழில் கற்ற அகோப், மெஹ்மெத் இருவரும் சேர்ந்து நடத்திய இஸ்தான்புல் நிறுவனம் 1996ல் பிரிந்து, இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மெத் என்று இரண்டு ஆனது. பெயரைப் பார்த்து ஒன்றென்று நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

எதை முதலில் மாற்றுவது

நீங்கள் அதிகம் தொடும் சிம்பலை. சர்ச் ஆராதனை, சினிமாப் பாட்டு மேடை, பாப் வாசிப்பவர்களுக்கு அது ஹை-ஹாட். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு ரைடு. கிராஷ் கடைசி. பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மூன்று நிமிடப் பாட்டில் ஆறு முறை அடிக்கும் கிராஷை மாற்றிவிட்டு, அறுநூறு முறை அடிக்கும் ஹை-ஹாட்டை அப்படியே விட்டால் செட்டின் குரல் மாறாது.

பிரகாசத்திலிருந்து கருமைக்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டாம். 14 இஞ்ச் கனமான ஹாட்டிலிருந்து நடுத்தரமான 14க்கோ மெல்லிய 15க்கோ போங்கள். கிடாரும் கீபோர்டும் முழுச் சத்தத்தில் இருக்கும் மேடையில் மிக மெல்லிய கருத்த ரைடின் அடி காணாமல் போகும். கேட்கவில்லையே என்று கை தானாக ஓங்கும், சில மாதங்களில் விளிம்பு கிழியும். சிறிய அறை, மைக் வைத்த ஸ்டூடியோ என்றால் கணக்கு மாறுகிறது: அங்கே மெல்லியதே நல்லது, கனமானது மற்ற மைக்குகளுக்குள்ளும் கசியும்.

கடையில் கேட்கும் முறை

உங்கள் ஸ்டிக்கையும், வீட்டில் வைத்துக்கொள்ளப்போகும் சிம்பல்களில் ஒன்றையாவது எடுத்துப் போங்கள். கடையில் தனியாக அழகாகக் கேட்பது வீட்டில் பக்கத்துச் சிம்பலோடு சண்டை போடும்.

ரைடுக்கு ஒரே ஒரு சோதனை போதும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில், ஒரு தாள அடிக்கு இரண்டு தட்டாக, ஒரு நிமிடம் மென்மையாக வாசியுங்கள். நிறுத்தாமல், ஸ்டிக்கின் தோளால் (முனைக்குக் கீழே தடிக்கும் பகுதி) விளிம்பில் ஒரு கிராஷ் அடித்துவிட்டு உடனே பழைய வாசிப்புக்குத் திரும்புங்கள். கிராஷின் அலைக்குள்ளிருந்து ஸ்டிக்கின் 'டிக் டிக்' எத்தனை அடியில் மறுபடி மேலே வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று அடியில் வந்தால் அந்த ரைடு மேடையைத் தாங்கும். ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) முழுக்க மூழ்கியிருந்தால் மென்மையான பாட்டுகளுக்கு மட்டும். மூழ்கவே இல்லை, கிராஷும் விரியவில்லை என்றால் அது இன்னொரு கனமான ரைடுதான். நீங்கள் விட்டுவிட்டு வந்த இடத்துக்கே திரும்புகிறீர்கள்.

ஹை-ஹாட்டில் முதலில் காலால் மட்டும் மூடிப் பாருங்கள். 'சிக்' தெளிவாக வர வேண்டும். வராவிட்டால் காற்று உள்ளே அடைபடுகிறது. கீழ்த் தட்டின் அடியிலுள்ள சாய்வுத் திருகை அரைச் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு தட்டுக்கும் இடையே 2 முதல் 3 செ.மீ. விட்டு கிளட்சை (மேல் தட்டைப் பிடிக்கும் பூட்டு) இறுக்கி, பாதி திறந்த நிலையில் வாசியுங்கள். நல்ல ஜோடியும் சுமாரான ஜோடியும் பிரியும் இடம் அந்தப் பாதித் திறப்புதான்.

பழைய சிம்பல் வாங்கினால்

ரசனை மாறிக்கொண்டிருக்கும்போது செகண்ட் ஹேண்ட் வாங்குவதே புத்திசாலித்தனம். பிடிக்காவிட்டால் பெரிய நட்டமின்றி விற்கலாம். ஆனால் பார்த்து வாங்குங்கள். நடு ஓட்டையில் ஒரு விரலை நுழைத்துச் சிம்பலைத் தொங்கவிட்டு, விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒருமுறை நகத்தால் சுண்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் 'ஜிர்' என்று நடுங்கினால் அங்கே விரிசல். பிறகு விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் நகம் மாட்டும். பெல்லின் அடிப்பக்கத்தையும், கடைசல் கோட்டோடு வட்டமாக ஓடும் விரிசல் இருக்கிறதா என்பதையும் விளக்கொளியில் பாருங்கள். கோட்டோடு கலந்திருப்பதால் இந்த வகை ஏமாற்றும்.

நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் போல நீண்டிருந்தால், தாங்கிக் கம்பியில் பிளாஸ்டிக் ஸ்லீவ் (உறை) போடாமல் வாசித்திருக்கிறார்கள். லேசானது என்றால் ஒலி கெடாது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். மை லோகோ அழிந்திருப்பது குறையே அல்ல. விளிம்பு விரிசலின் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் அது ஓடும் வேகம் குறையும், சில சமயம் நிற்கும்; குணமாகிவிட்டது என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

புது மெல்லிய சிம்பல் வந்த பிறகு அடியும் மாற வேண்டும். உங்கள் பக்கமாக லேசாகச் சாய்த்து வைத்து, விளிம்பில் நேராக வெட்டாமல் பக்கவாட்டில் வழித்துக்கொண்டு போவது போல அடியுங்கள். பழைய சிம்பலை ஆறு மாதமாவது விற்காமல், துணி சுற்றி வேறு சிம்பலோடு உரசாதபடி வையுங்கள். திறந்தவெளி மேடை ஒன்று வரும்போது அந்தக் கனமான ரைடு தேவைப்படும்.