ஸ்கா குழுவின் முதல் ஆல்பம்: தி ஸ்பெஷல்ஸ் தப்பித்த தவறுகள், தப்பாத ஒன்று

ஸ்கா என்ற ஜமைக்கா இசையை வாசிக்கிற குழு ஒன்று முதல் ஆல்பம் பதிவு செய்யப் போகிறோம் என்று சொன்னால், அதற்கு முன்னால் ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். 1979 அக்டோபரில் இங்கிலாந்தில் வெளியான தி ஸ்பெஷல்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது. கார்த் தொழிற்சாலைகளின் ஊரான கோவென்ட்ரியிலிருந்து ஏழு பேர், கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்த குழு, பதினான்கு பாடல்கள். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. குழுவைத் தொடங்கிய கீபோர்டு கலைஞர் ஜெர்ரி டாமர்ஸ் பிறந்தது நம் ஊட்டியில், 1955-இல். அப்பா பாதிரியார். ஜெர்ரி சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. அவர் இசையில் நீலகிரியின் தடம் எதுவும் இல்லை. இருந்தாலும் இது தெரிந்த நாளிலிருந்து அந்த ஆல்பம் எனக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது.

புதுக் குழுக்கள் செய்கிற பெரிய தவறு, பிடித்த இரண்டு பாணிகளை ஒன்றாகக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஸ்பெஷல்ஸும் முதலில் இதைத்தான் செய்தார்கள். ஆட்டோமேட்டிக்ஸ் என்ற பெயரில் இருந்த காலத்தில் ஒரு பங்க் பாடல் (வேகமும் கோபமுமான ராக்), அடுத்து ஒரு ரெகே பாடல் (ஜமைக்காவின் நிதானமான இசை) என்று வாசித்தார்கள். பங்க் வந்தால் கூட்டம் குதிக்கும், ரெகே வந்ததும் நின்றுவிடும். 1978-இல் தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் சுற்றுப்பயணத்தில், அவர்களுக்கு முன்னால் வாசிக்கிற தொடக்கக் குழுவாகப் போனபோதும் கையில் இருந்தது இந்த ஒட்டுப்போட்ட சரக்குதான். ரெகேவுக்கு மூத்தது ஸ்கா. ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் உருவாகி, 1962-இல் நாடு விடுதலை பெற்ற சமயத்தில் உச்சத்தில் இருந்த இசை. ரெகேயை விட வேகமானது. அந்த வேகத்தில் பங்க்கின் கோபமும் அடங்கும், ஜமைக்காவின் ஆட்டமும் அடங்கும். இது பிடிபட்ட பிறகுதான் குழுவுக்கென்று ஒரு குரல் கிடைத்தது. உங்கள் பாடல் பட்டியலை எழுதி வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி வேறு வேறு குழுக்கள் வாசிப்பது போல இருந்தால், ஸ்டுடியோவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

அடுத்தது தாளம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

வாயால் தக தக தக தக என்று சொல்லிக்கொண்டே காலைத் தட்டுங்கள். கால் விழுவது 'த'வில். ஸ்காவில் கிதார் விழுவது 'க'வில். அவ்வளவுதான் இலக்கணம். ஆனால் அந்த 'க' எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. தந்தியை வலது கை மேல்நோக்கி வருடிய கணமே, அழுத்திய இடது கை விரல்கள் தளர வேண்டும். விரல் தந்தியிலேயே இருக்கும், அழுத்தம் மட்டும் போய்விடும். கத்தரிக்கோல் வெட்டுவது போல 'சக்' என்று ஒலி அறுந்துவிடும். அதை இழுத்து ஒலிக்கவிட்டால் அடுத்த 'த'வின் மேல் போய் வழிந்து, பாட்டு சேறாகிவிடும். ஆல்பத்தில் லின்வல் கோல்டிங்கின் கிதாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் இது நன்றாகப் புரியும்.

இதையே எல்லோரும் சேர்ந்து வாசிப்பது இன்னொரு தவறு. இரண்டு கிதார், கீபோர்டு, ஊதுகருவி எல்லாம் 'க'விலேயே விழுந்தால் ஓர் அலுப்பு வரும். ஸ்பெஷல்ஸில் கோல்டிங் வெட்டிக்கொண்டிருக்க, ராடி ரேடியேஷன் என்கிற ராடி பையர்ஸ் அதன்மேல் ராக் அண்ட் ரோல் கிதாரைச் சீறவிடுவார். டாமர்ஸின் ஆர்கன் அடியில் கொதித்துக்கொண்டிருக்கும். ஹொரேஸ் பான்டரின் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கும். ஜான் பிராட்பரியின் டிரம்ஸ் இவர்கள் எல்லோரையும் இழுத்துக் கட்டும். ஆளுக்கொரு வேலை. பழைய ஜமைக்கா தட்டுகளை அப்படியே நகலெடுத்திருந்தால் பையர்ஸின் கிதாருக்கு அங்கே இடமே இருந்திருக்காது. அது இல்லாமல் இந்த ஆல்பத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரி, தயாரிப்பாளர். பணம் கையில் வந்ததும், பெரிய பெயர், பெரிய ஸ்டுடியோ, மெருகு என்று மனம் ஓடும். ஸ்பெஷல்ஸ் தேர்ந்தெடுத்தது எல்விஸ் காஸ்டெல்லோவை. அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயதுதான். பாடகராகப் பெயர் வாங்கியவர், தயாரிப்பாளராக இல்லை. பதிவு நடந்தது லண்டன் ஃபுல்ஹமில் இருந்த டி.டபிள்யூ. ஸ்டுடியோவில். தொழில்நுட்பம் தெரிந்த வேறு யாராவது வந்து இவர்களைக் கெடுப்பதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி பதிவு செய்வதுதான் தன் வேலை என்ற பொருளில் காஸ்டெல்லோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆல்பத்தைப் பற்றி வந்த பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒலி மெலிந்திருக்கிறது, மேடையில் இருந்த முரட்டுத்தனம் முழுதாக வரவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரே அறையில் ஏழு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது தெரியும். 'நைட் கிளப்' பாடலில் பின்குரல் கொடுத்தவர் பிரிட்டெண்டர்ஸ் குழுவின் கிரிஸ்ஸி ஹைண்ட். அதில்கூட விருந்தாளியை வரவழைத்த தோரணை இல்லை, கூட்டத்தில் ஒருவராகக் கலந்துவிடுகிறார். டிரம்ஸை ஒரு நாள், பேஸை ஒரு நாள், கிதாரை இன்னொரு நாள் என்று காதில் சீராக ஒலிக்கும் கிளிக் என்ற தாளச் சத்தத்தை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்கிற வழக்கம் பல இசைக்குப் பொருந்தும். ஸ்காவுக்கு ஆகாது. டிரம்மருடைய கையைப் பார்த்துத்தான் கிதாரின் 'க' உட்கார வேண்டும்.

மூத்தவர்களைக் கூப்பிடாமல் விடுவதையும் ஒரு தவறாகவே சொல்வேன். ஆல்பத்தின் முதல் பாடல் 'எ மெசேஜ் டு யூ ரூடி'. 1967-இல் டான்டி லிவிங்ஸ்டன் பாடியது. அந்தப் பழைய பதிவில் டிராம்போன் வாசித்தவர் ரிகோ ரோட்ரிகஸ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆல்ஃபா பள்ளியில் இசை கற்று, 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தவர். ஸ்பெஷல்ஸ் செய்தது என்ன தெரியுமா? அதே பாடலைப் பதிவு செய்ய அதே ரிகோவை அழைத்து வந்தார்கள். கூடவே டிக் கத்தெல் ஊதினார். பாடகர் டெர்ரி ஹாலுக்கு அப்போது 20 வயது. ரிகோவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இளைஞர்கள் விறைப்பாக நிற்க, பெரியவர் அவசரமே இல்லாமல் ஊதுகிறார். பாடலுக்கு அந்த நிதானத்தைக் கொடுப்பது அவருடைய மூச்சு.

இதோடு சேர்ந்ததுதான் கடனை ஒப்புக்கொள்வதும். இந்த ஆல்பத்தில் பிரின்ஸ் பஸ்டரின் 'டூ ஹாட்' இருக்கிறது, டூட்ஸ் அண்ட் தி மேடால்ஸின் 'மங்கி மேன்' இருக்கிறது. 'டூ மச் டூ யங்' லாய்ட் சார்மர்ஸின் பழைய பாடல் ஒன்றின் மேல் கட்டியது. எது யாருடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஸ்பெஷல்ஸின் கணக்கில் எழுதுவது கேட்பவர்கள் செய்கிற தவறு. குழுவாக இருப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது.

ஆனால் கடன் வாங்கியது தாளத்தைத்தான், வாழ்க்கையை இல்லை. 'கான்கிரீட் ஜங்கிள்' பையர்ஸ் எழுதியது. இரவில் தெருவில் நடந்தால் அடி விழுமோ என்ற பயம்தான் அந்தப் பாட்டு. நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலத்தில், இனவெறி சரியாகிவிடாது என்று நேராகச் சொல்கிற பாட்டும் இருக்கிறது. கிங்ஸ்டனின் வெயிலை இரவல் வாங்காமல் கோவென்ட்ரியின் குளிரை எழுதினார்கள். கறுப்பு சூட்டையும் தொப்பியையும் மட்டும் நகலெடுத்த பிற்காலக் குழுக்களுக்கு இது பிடிபடவே இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆல்பத்துக்கு முன்னால் வந்த 'கேங்ஸ்டர்ஸ்' தனித்தட்டை 700 பவுண்டு கடன் வாங்கித்தான் பதிவு செய்தார்கள். பின்பக்கத்துக்குக் காசு போதவில்லை. கோவென்ட்ரிக்காரரான நியோல் டேவிஸ் பிராட்பரியோடு முன்பே பதிவு செய்து வைத்திருந்த ஓர் இசைத்துண்டைப் போட்டு நிரப்பினார்கள். உறைகளில் கையாலேயே முத்திரை குத்தினார்கள். அந்தத் தட்டு பின்னர் 6-ஆம் இடம் போனது. அதற்கு முன்பே கிரிஸாலிஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு பேரம் பேசியபோது 2 டோன் என்ற தங்கள் சொந்த லேபிளை விட்டுக்கொடுக்காமல் நிற்க, சொந்தமாக வெளிவந்த அந்தத் தட்டு உதவியது. ஆகவே, ஆல்பம் பேரத்துக்கு உட்காரும் முன் ஒரு தனித்தட்டாவது உங்கள் கையால் வெளிவந்திருக்கட்டும்.

இவர்களே தப்பாத தவறும் ஒன்று உண்டு, வேகம். ஆல்பத்தில் 'டூ மச் டூ யங்' ஆறு நிமிடம் ஓடுகிறது, சாவகாசமான ரெகே நடையில். மேடையில் அதையே இரண்டு நிமிடச் சொச்சத்தில் பறக்கவிடுவார்கள். அந்த மேடைப் பதிவைத் தனித்தட்டாக வெளியிட்டபோது, 1980 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் வடிவத்தை ரசிப்பவர்கள் உண்டு, நானும் சில நாள் ரசிப்பேன். ஆனாலும் கூட்டத்துக்கு எந்த வேகம் பிடித்தது என்று மேடை முன்பே காட்டிக்கொடுத்திருந்தது. அதனால் ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன் கடைசி நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒரு சாதாரண போனிலாவது பதிவு செய்து, ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் குறித்து வையுங்கள். ஸ்டுடியோவில் ஆளில்லாத அறையைப் பார்த்து வாசிக்கும்போது வேகம் தானாக மாறும். அப்போது அந்தக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்.