வண்டி எடுக்கும்போது கிளட்ச் உதறுகிறதா? பிளேட் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் கிளட்ச்சைத் தின்பது வேகம் இல்லை, ஊர்ந்து போவதுதான். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடி வழியாகப் பழனி பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். அதன் பின்னாலேயே அரை கிளட்ச்சில் பைக்கை நகர்த்துவோம். சந்தையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு முதல் கியரிலேயே தெருத்தெருவாகத் திரும்புவோம். இப்படி ஓடிய வண்டி, கிளட்ச் விடும்போது "டக டக டக" என்று உதறித்தான் கிளம்பும். உடனே "பிளேட் செட் மாத்திடலாம்" என்பார்கள். மாற்றினாலும் பல வண்டிகளில் உதறல் போவதில்லை. காரணம், குறை பெரும்பாலும் கார்க் பிளேட்டில் (உராய்ந்து பிடிக்கும் பிளேட்) மட்டும் இருக்காது.

இங்கே சொல்வது ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர் போல எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே கிளட்ச் ஓடும் வண்டிகளுக்கு. கிளட்ச் வலது பக்க கவருக்குள் இருக்கும். பழைய புல்லட்டில் இடது பக்கம். பிளேட் சோதனை அதற்கும் இதேதான்.

முதலில், உதறுவது கிளட்ச்தானா?

வண்டியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் அதிர்கிறது, லீவரைப் பிடித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை என்றால், எஞ்சின் மவுண்டிங் போல்ட்டைப் பாருங்கள். கிளட்ச்சைத் தொட வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது, லீவரை முழுதாக விட்ட பிறகும், ஆக்சிலேட்டரைக் குறைத்துக் கொடுத்தால் வெட்டி இழுக்கிறதா? அது செயினும் பின்சக்கர கப்ளிங் ரப்பரும் (ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர்). சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, கியரில் விட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்பிராக்கெட் அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர் முடிந்துவிட்டது. மலிவான வேலை; முதலில் இதை முடியுங்கள்.

கிளம்பும்போது மட்டும், லீவர் பாதி தூரம் வரும் அந்த நேரத்தில் மட்டும் உதறினால்தான் அது கிளட்ச்.

கவர் கழற்றாமலே தீரக்கூடியவை இரண்டு. ஒன்று கேபிள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ப்ளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) இருக்க வேண்டும். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் புழுதி உள்ளே போனால் கம்பி நின்று நின்று நகரும். கிளட்ச்சும் அப்படியே விட்டு விட்டுப் பிடிக்கும். ஆயில் ஊற்றிச் சமாளிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. சிக்கினால் புதுக் கேபிள், அதுவும் கம்பெனிக் கேபிள்.

இரண்டாவது ஆயில். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) என்று இருக்க வேண்டும்; ஆயிலுக்குள் ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறியீடு அது. காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை ஊற்றியிருந்தால் மாற்றுங்கள். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். பிளேட் வழுக்கிச் சூடாகி மினுமினுப்பு ஏறிவிடும்.

கவரைத் திறப்பது

ஆயிலை வடித்து, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், கேபிள் கழற்றி, கவர் போல்ட்டுகளை எடுங்கள். நீளம் ஒன்றுபோல் இருக்காது. அட்டையில் கவர் வடிவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எடுத்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வையுங்கள். டி-ஸ்பேனர் நல்லதாக இருக்கட்டும். பிளேயரால் திருகினால் தலை மழுங்கும். பழைய பாக்கிங்கை ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டாதீர்கள். அலுமினியம் கீறினால் அங்கேதான் ஆயில் கசியும். சவர பிளேடு போதும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக எடுத்தால் மற்ற பக்க ஸ்பிரிங் இழுத்து, போல்ட் ஏறும் அலுமினியத் தூண் உடையலாம்.

பிளேட்டை உருவும் முன் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசையில், வெளிமுகம் மேலே இருக்க அடுக்குங்கள். சில மாடல்களில் உதறலைத் தடுக்கவென்றே உட்புறம் குழிந்த வளையம் ஒன்றும், அதற்கேற்ற அகலக் குறைவான கார்க் பிளேட் ஒன்றும் இருக்கும். வளையத்தைத் திருப்பிப் போட்டால், புது செட் போட்ட பிறகும் உதறும். கடைசிக் கார்க் பிளேட்டின் காது (வெளி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பல்) சில வண்டிகளில் தனி வெட்டில் உட்காரும். படம் அதற்கும் உதவும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது இங்கேதான்

கார்க் பிளேட்டின் தடிமனை வெர்னியரில் மூன்று நான்கு இடங்களில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கருகிய வாசனை இருந்தால் அளவு சரியாக இருந்தாலும் தூக்கிப் போடலாம்.

அடுத்து இரும்புப் பிளேட். பலர் இதைத் துடைத்துவிட்டு அப்படியே திரும்பப் போடுகிறார்கள்; உதறல் மிஞ்சுவது அதனால்தான். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது, நெளிந்திருக்கவும் கூடும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய உலோகத் தாள்கள்) நுழைத்துச் சுற்றிலும் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 0.2 மி.மீ. தாள் நுழைந்தாலே பிளேட் கழிவு. கண்ணாடிக்கு ஆத்தங்குடித் தரைக் கல் வார்க்கும் பட்டறையில் கேளுங்கள். கல்லின் பளபளப்பே அந்தக் கண்ணாடி மேல் வார்ப்பதால் வருவதுதான். கல்லின் மேலேயே வைத்துப் பார்க்கலாமா என்றால், வேண்டாம். கையால் செய்த கல், பார்க்க அழகு, அளவெடுக்க ஆகாது. நெளியாமல் மினுமினுப்பு மட்டும் ஏறியிருந்தால், அதே கண்ணாடி மேல் 220 நம்பர் எமரி பேப்பரை விரித்து, பிளேட்டை வட்டமாகத் தேய்த்து மங்கலாக்கிக் கழுவுங்கள்.

மூன்றாவது ஹவுசிங், அதாவது பிளேட்டுகள் உட்காரும் கூடை. கார்க் பிளேட்டின் காது உட்காரும் வெட்டுகளின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டித் தட்டி நின்றால், காதுகள் அங்கே பள்ளம் பறித்திருக்கின்றன. பிளேட் வழுக்கி நகர வேண்டிய இடத்தில் படிப்படியாகச் சிக்கி நகரும். அதுதான் உதறலாகக் கைக்கு வருகிறது. பள்ளம் லேசானால் ஹவுசிங்கைக் கழற்றி, சன்ன அரத்தால் எல்லா வெட்டுகளையும் ஒரே அளவாகச் சமன் செய்யலாம். ஆழமானால் மாற்றுவதே சரி; அதிகம் அராவினால் இடைவெளி கூடி, தட்டும் சத்தம் வரும். பின்பக்கப் பெரிய கியரைப் பிடித்து ஹவுசிங்கை முறுக்கியும் பாருங்கள். ரிவெட் தளர்ந்து லொடலொடத்தால் அதுவும் மாற்ற வேண்டியதே.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று குட்டையானாலும் பிளேட்டை ஒரு பக்கமாக அழுத்தும். செட்டாக மாற்றுங்கள்.

திரும்பப் பூட்டுவது

புதுக் கார்க் பிளேட்டை எஞ்சின் ஆயிலில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காய்ந்த பிளேட் முதல் நாளே கருகும். இரும்புப் பிளேட்டில் ஒரு முகத்தின் ஓரம் கூராகவும் மறுமுகம் மழுங்கியும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஸ்பிரிங் போல்ட்டை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். முழு பலத்தில் முறுக்கினால் மரை போய்விடும். பேப்பர் பாக்கிங்குக்கு மேல் பசை தடவும் வழக்கத்தை விடுங்கள்; உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் ஜல்லடையை அடைக்கும்.

புது ஆயில் ஊற்றி, லீவர் ப்ளே வைத்து, முதல் 200, 300 கி.மீ. பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். அதுவரை லேசான உதறல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு சேர்த்தது: கியர் இல்லாத ஸ்கூட்டரும் கிளம்பும்போது உதறும், ஆனால் அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் ஆயிலில்லாத உலர் கிளட்ச். பின்சக்கரப் பக்கம் பெல்லை (கிளட்ச் ஷூவைச் சுற்றியிருக்கும் கிண்ணம்) கழற்றி, உள்சுவரையும் கிளட்ச் ஷூவையும் எமரியால் தேய்த்துப் புழுதியைத் துடைத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும். அங்கே ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால், அது எந்த சீலில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்து மாற்றிய பிறகே மூடுங்கள்.