குடும்பச் சங்கமம்: கொடிவழி அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள் அனைவரையும் ஒரு நாள் ஓரிடத்தில் கூட்டுவது என்று முடிவானதும், இடம் பார்ப்பதிலும் சாப்பாட்டு ஏற்பாட்டிலும் இறங்கிவிடுவது வழக்கம். ஆனால் வந்தவர்கள் எதிரில் இருப்பவர் தமக்கு என்ன முறை என்று அறியாமலேயே திரும்பினால், கூடியதன் நோக்கம் நிறைவேறாது. எனவே யார் யாருடைய பிள்ளை என்பதைத் தலைமுறை வாரியாகக் காட்டும் கொடிவழி அட்டவணையை முதலில் தொடங்குங்கள். குறைந்தது ஆறு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வேரைத் தீர்மானித்தல்

ஒருவருக்குத் தாத்தா பாட்டிகள் 4 பேர், அவர்களுடைய பெற்றோர் 8 பேர், அதற்கு மேல் 16 பேர். இத்தனை கிளைகளையும் ஒரே நாளில் அழைக்க இயலாது. ஆகவே, இன்று உயிரோடிருக்கும் மூத்தவர்களின் தாத்தா பாட்டியான ஒரு தம்பதியை வேராக வைத்துக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தால், பெயர்களும் பிறந்த ஆண்டுகளும் தாமாகவே வந்து சேரும்.

இரண்டாம் படி: எண்ணிடுதல்

பிரான்சைச் சேர்ந்த ஜாக் தாபோவில் என்பவர் 1940இல் வகுத்த முறை இதற்கு மிகவும் ஏற்றது. வேர்த் தம்பதிக்கு 1. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மூத்தவரிலிருந்து 1.1, 1.2, 1.3, மூன்றாமவருடைய இரண்டாம் பிள்ளைக்கு 1.3.2. இந்த எண்ணைப் பெயர் அட்டையில் பெரிதாக அச்சிடுங்கள். 1.3.2.1 என்ற அட்டை அணிந்தவரும் 1.3.4.2 என்ற அட்டை அணிந்தவரும் சந்தித்தால், இருவருக்கும் 1.3 வரை பொதுவாக இருப்பதைக் கொண்டு, தாங்கள் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்பதை உடனே கண்டுகொள்வார்கள். உறவுக்குள்ளேயே திருமணம் நடந்திருந்தால், அவர்களுடைய பிள்ளைகளுக்கு இரண்டு எண்கள் வரும். தயங்காமல் இரண்டையும் எழுதுங்கள்.

விவரங்களைக் கணினியில் பதிய, கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருள் போதும். கோப்பைக் கெட்காம் வடிவிலும் சேமித்துவையுங்கள். 1984 முதல் வழக்கிலுள்ள அந்த வடிவத்தைப் பெரும்பாலான கொடிவழி மென்பொருள்கள் திறக்கும்.

மூன்றாம் படி: பெரியவர்களின் குரல்

என்னைக் கேட்டால், எல்லா வேலைகளிலும் தள்ளிப்போடக் கூடாதது இதுதான். விழா நாளின் இரைச்சலில் எண்பது வயதைக் கடந்தவரிடம் பேட்டி எடுக்க முடியாது. முன்கூட்டியே அவர் வீட்டுக்குச் சென்று, மின்விசிறியை நிறுத்தி, கைபேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். "உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, "இந்தப் படத்தில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் யார், அன்று எல்லாரும் எதற்காகக் கூடியிருந்தீர்கள்?" என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொழில், இடப்பெயர்ச்சி, மனத்தாங்கல், சமரசம் என்று ஒரு வாழ்க்கை முழுவதும் விரியும். அவர் மௌனமானால் அடுத்த கேள்வியை அவசரமாக எடுக்காதீர்கள். எதை எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பழைய படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர்களை லேசாக எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடக்கூடும்.

விழா நாளன்று

அட்டவணையை நீளமான தாள்களில் அச்சிட்டு, கண் மட்டத்தில் ஒட்டி, பக்கத்திலேயே நூலில் கட்டிய பென்சில்களைத் தொங்கவிடுங்கள். தவறைக் காண்பவர் அங்கேயே திருத்தட்டும். விடுபட்ட பெயரைத் தம் கையாலேயே எழுதுபவரின் முகத்தைப் பார்த்தால், இதற்கு ஏன் இவ்வளவு இடம் ஒதுக்கச் சொல்கிறேன் என்பது புரியும். மறைந்தவர்களைப் பற்றிக் கிளைக்கு ஒருவர் ஐந்து நிமிடம் பேசலாம். தத்து, மணமுறிவு போன்றவற்றை எப்படிக் குறிப்பது என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்ய வேண்டும். சிறுவர்களின் முழுப் பிறந்த தேதியைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

விழா முடிந்ததும் தாள்களைக் கழற்றுவதற்கு முன் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, இரண்டு வாரங்களுக்குள் திருத்தங்களைப் பதிந்து, கிளைக்கு இருவருக்காவது புதிய கோப்பை அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிட்டால், எது புதியது என்ற குழப்பம் வராது.