கல்வாழைக்குத் தொட்டி மாற்றும்போது மல்லியை மறந்துவிடுங்கள்

மதுரைப் பக்கம் செடி வளர்க்கிறவர்களுக்குக் கை பழகியது மல்லிகையில்தான். நவம்பர் கடைசியில் கவாத்து செய்வோம், அதற்கு முன்னால் தண்ணீரைக் குறைத்து வேரைக் கொஞ்சம் காயவிடுவோம், அப்போதுதான் மாசி பங்குனியில் மொட்டு நிறையக் கட்டும். இது சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து ஊறிப்போன விஷயம். அதே கையோடு கல்வாழைத் தொட்டிக்குப் போகிறோம், அங்கேதான் தவறு தொடங்குகிறது.

கல்வாழை ஈரத்தில் பிறந்த செடி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் ஓடைக்கரையிலும் சதுப்போரத்திலும் வளர்ந்தது. நம் ஊர்களிலும் கொல்லையில் குளியல் தண்ணீர் விழும் இடத்தில்தான் அதை நட்டு வைத்தார்கள். எப்போதும் நசநசவென்று இருக்கும் அந்த மூலையில் யாரும் கவனிக்காமலே சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக்கொண்டிருக்கும். அதன் கறுப்பு விதையைப் பொறுக்கிக் கோலி மாதிரி உருட்டி விளையாடாத பிள்ளைகள் அப்போது குறைவு. இப்போது கொல்லை போய் மொட்டைமாடி வந்துவிட்டது. அதே செடி தொட்டிக்குள் வந்ததும், ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றியே ஆக வேண்டியிருக்கிறது.

ஏன் மாற்ற வேண்டும்? கல்வாழையின் கிழங்கு மண்ணுக்கடியில் இஞ்சி மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். ஒரு தண்டு ஒருமுறை பூத்து முடித்தால் அதன் வேலை முடிந்தது, பக்கத்துக் கண்ணிலிருந்து அடுத்த தண்டு வரும். இப்படியே விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். ஒருநாள் பார்த்தால் தொட்டியின் நடுவில் ஒன்றும் இருக்காது, முளையெல்லாம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

போன தை மாதம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். "ஏம்மா, இந்தக் கல்வாழை ஒரு வருஷமா சரியாவே பூக்க மாட்டேங்குது, வந்து பாரேன்." போய்ப் பார்த்தேன். வயிறு பருத்து வாய் குறுகிய அழகான மண்தொட்டி, மானாமதுரையில் வாங்கியது. அங்கே செய்கிற மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மண்ணின் தரம் தட்டிப் பார்த்தாலே தெரியும். ஆனால் கல்வாழைக்கு அந்த வடிவம் ஆகாது. கவிழ்த்துத் தட்டினோம், ஓரத்தில் கத்தி விட்டுச் சுற்றினோம், தண்ணீரில் ஊறவைத்தும் பார்த்தோம், வரவில்லை. உள்ளே வேர்ப்பந்து வயிற்றின் அளவுக்குப் பெருத்துவிட்டது, வாய் வழியாக எப்படி வரும்? "உடைக்க மனசு வரலம்மா" என்றார். ஆனால் பக்கவாட்டில் ஏற்கெனவே ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. கடைசியில் உடைத்தோம். நடுவில் பழைய கிழங்குகள் பழுப்பேறி, தொட்டால் நார் நாராகப் பிரிந்தன. உயிருள்ள கிழங்குகள் எல்லாம் தொட்டிச் சுவரையொட்டி ஒரு வளையமாக இருந்தன. வெள்ளை வேர்கள் தொட்டியின் உள்வடிவத்தை அச்செடுத்த மாதிரி சுற்றியிருந்தன. மண் என்று சொல்ல ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்க இடமில்லாமல் ஓடிவிட்டது அதனால்தான்.

எனவே தொட்டி வாங்கும்போதே வாய் அகலமாக, அடி கொஞ்சம் குறுகலாக இருப்பதைப் பாருங்கள். ஒன்றேகால் அடி அகலம், குறைந்தது ஒரு அடி ஆழம் இருந்தால் 3 துண்டு தாராளமாக வைக்கலாம். நீல டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் துளை போட்டதும் நன்றாகவே உழைக்கும். அதற்காக ஒரே ஒரு சிறு துண்டைக் கொண்டுபோய் பெரிய டிரம்மில் நடாதீர்கள். குடிக்க வேர் இல்லாத மண்ணில் ஈரம் நாள்கணக்கில் தங்கி, கிழங்கை அழுகவைக்கும்.

காலம் தவறுவது

செடி பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து வீட்டில் ஓய்வு கிடைப்பது சித்திரையில், அதனால் தோட்ட வேலையும் சித்திரையில். நானும் அப்படித்தான் ஒரு வருடம், அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் கல்வாழையைப் பிரித்தேன். 11 துண்டு வைத்தேன். 3 நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. மொட்டைமாடித் தளம் மத்தியானம் கால் வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அத்தனை அகலமான இலை நீரை விட்டுக்கொண்டே இருக்க, அறுபட்ட வேரால் உறிஞ்சித் தர முடியவில்லை. 2 துண்டு மட்டும் தப்பியது. அம்மா வைத்த செடி அது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்கு மழை விடாமல் பெய்கிற நாளில் புது வெட்டுக்காயம் ஆறாது, அழுகும். தை, மாசிதான் இங்கே சரியான நேரம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, செடி வேர் பிடிக்க 2 மாதம் கையில் இருக்கும். அதைத் தவறவிட்டால் ஆவணி வரை பொறுங்கள். ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாடியில் கல்வாழை இலை கிழிந்து நார் நாராகிவிடும், மண்ணும் மளமளவென்று காயும்.

வெட்டும்போது

கிழங்கை ரொம்பப் பொடியாக வெட்டுவது அடுத்த தவறு. ஒரு முளைக்கு ஒரு துண்டு என்று கணக்குப் போட்டால் தொட்டி எண்ணிக்கை கூடும், பூ கூடாது. துண்டுக்கு 2 அல்லது 3 கண் இருக்கட்டும், கூடவே கொஞ்சம் வேரும் இருக்கட்டும். பழுப்பேறிய நடுக்கிழங்கை இரக்கம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். தண்டையும் ஒரு சாண் விட்டு வெட்டிவிட வேண்டும். "மொட்டு இருக்கே, எப்படி வெட்டுறது?" என்று அக்கா தயங்கினார். அந்த ஒரு பூவைக் காப்பாற்றப் போனால் வேர் பிடிக்கத் தேவையான சக்தி அதற்கே போய்விடும். வெட்டிய பூந்தண்டைச் சாமி படத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பில் வைத்தார், கொஞ்சம் மனம் ஆறியது.

கத்தியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கல்வாழைக்கு ஒரு வைரஸ் நோய் வருகிறது. இலை நரம்பையொட்டி மஞ்சள் கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், பிறகு அந்த இடம் துருப்பிடித்த மாதிரிக் காயும், புது இலை கோணலாக வரும். இதற்கு மருந்து இல்லை. அப்படிப்பட்ட கிழங்கைப் பிரித்து நட்டால் ஒரு நோயாளியை 6 நோயாளி ஆக்குகிறோம், அவ்வளவுதான். செடியை முழுசாக எடுத்து அப்புறப்படுத்துங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்ததைத் தொடும் முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே மஞ்சள் வரி போட்ட இலை உள்ள ரகங்களும் உண்டு. அவற்றில் கோடு நரம்போடு சீராக ஓடும், எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து எறிந்துவிட வேண்டாம்.

வெட்டிய துண்டை அப்படியே ஈர மண்ணில் புதைக்காமல், நிழலில் ஒரு நாள் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் மாதிரி ஆகும். பிறகு அடுப்புச் சாம்பலோ டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, அழுகலைத் தடுக்கும் பூஞ்சைத் தூளோ தடவி நடலாம்.

மண்

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்து ஆட்கள் கரிசலைத் தொட்டியில் நிரப்புவதைப் பார்க்கிறேன். ஈரம் பிடிக்கிற மண்தானே என்பது அவர்கள் நியாயம். வயலில் அது சரி. தொட்டியில் கரிசல் காயும்போது சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அடுத்து ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடித்துளையில் வெளியே வந்துவிடும். தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம், உள்ளே கட்டி காய்ந்தே கிடக்கும்.

செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு, கழுவிப் பிழிந்த தென்னைநார்க்கழிவு 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. கண்மாய் வண்டல் கிடைத்தால் செம்மண்ணில் பாதியைக் குறைத்து அதைச் சேருங்கள், செடிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. தென்னைநார்க்கழிவில் உப்பு இருக்கும், 2 தடவையாவது அலசாமல் போடாதீர்கள். சாணம் பச்சையாக இருந்தால் சூடு கிளம்பும், வண்டுப்புழுவும் கூடவே வரும். அடியில் செங்கல் ஜல்லியை 3 அங்குலத்துக்கு நிரப்புகிற பழக்கமும் வேண்டாம். அது வடிகாலைக் கூட்டாது, வேருக்கான இடத்தைத்தான் குறைக்கும். துளையை மூட ஒரு ஓட்டாஞ்சில்லு போதும்.

கிழங்கைப் படுக்கவைத்து, கண் மேலே பார்க்கும்படி, மேலே 2 அங்குலம் மண் இருந்தால் போதும். வாழைக்கன்று மாதிரி அடியாழத்தில் புதைத்தால் முளை மேலே வரவே திணறும்.

தண்ணீர்

தண்ணீரை விரும்புகிற செடி என்று தெரிந்தவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். நட்ட அன்றைக்கு நன்றாக ஊற்றுங்கள். அதன் பிறகு மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்தால்தான் அடுத்தது. வேர் இல்லாத கிழங்குக்குக் குடிக்க வாய் இல்லை, தினமும் ஊற்றினால் அழுகத்தான் செய்யும். 2 இலை விரிந்துவிட்டால் கதை மாறிவிடும். அப்புறம் மண் காயவே கூடாது, சித்திரை வைகாசியில் காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். மல்லிக்குச் செய்கிற மாதிரி வாடவிட்டுப் பூக்கவைக்கிற வித்தை இதனிடம் செல்லாது, வாடினால் மொட்டு உதிரும். கத்திரி வெயிலில் அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்தலாம். ஆனால் வாரம் 2 முறை அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புதான். பழைய தொட்டியையே திரும்பப் பயன்படுத்தினால் தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. மெஷின் கழிக்கிற தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் சேர்ந்திருப்பது வடிகட்டி ஒதுக்கிய உப்பு. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக ஊற்றலாம்.

உரம் ஒரு மாதத்துக்கு வேண்டாம். முளை வந்த சந்தோஷத்தில் டி.ஏ.பி. அள்ளிப் போட்டால் இளவேர் கருகும். 3, 4 இலை வந்ததும் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்துத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

பிரித்தால் எப்படியும் நாலைந்து துண்டு மிஞ்சும். அக்கா வீட்டில் மிஞ்சியதை மாடிக்குழாய்த் தண்ணீர் வடிகிற ஓரத்தில் ஒன்று நட்டோம், மற்றதைத் தெருவில் கொடுத்தோம். கொடுக்கும்போது பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போடாதீர்கள், உள்ளே வேர்த்து, கொண்டுபோய் நடுவதற்குள் கொழகொழத்துவிடும். காய்ந்த செய்தித்தாளில் சுற்றி, எது மேல்பக்கம் என்று ஒரு பேனாக் கோடு போட்டுக் கொடுங்கள்.