சைக்கிள் பந்தயத்துக்கு முதல் தடவை நடுவராக நிற்பவர்களுக்கு

தை பிறந்தால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் ஊருக்கு ஊர் சைக்கிள் பந்தயம். "அண்ணே, நீங்கதான் நடுவர்" என்று பையன்கள் விசிலைக் கையில் திணித்துவிட்டால் என்ன செய்வது?

1. காலையிலேயே பாதையை ஒரு சுற்று பாருங்கள். முந்தின நாள் பார்த்தது செல்லாது. அறுவடை நேரம், தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், அதன் மேல் டயர் ஏறினால் வழுக்கும், வைக்கோல் கிடந்தால் செயினில் சுற்றிக்கொள்ளும். நெல்காரரிடம் பணிவாகப் பேசிப் பாருங்கள், முடியாதென்றால் பாதையை மாற்றுங்கள். மதகுத் திருப்பத்தில் கொடியோடு ஓர் ஆள் அவசியம்.

2. சைக்கிளைச் சோதியுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஹேண்டில்பார் முனை திறந்திருந்தால் விழும்போது வயிற்றில் குத்தும், அடைக்கச் சொல்லுங்கள். சர்வதேச விதிப்படி சைக்கிள் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம்ம ஊர் வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை. பிரேக் இல்லையென்றால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் வெளியே.

3. ஓட்டத்தின்போது பைக்கில் பின்னால் ஓர் உதவி நடுவர் போகட்டும். கூட்டாளி பைக்கில் முன்னால் போய் காற்றை மறைத்துக் கொடுப்பது, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வருவது, இரண்டும் குற்றம். சுற்றுப் பந்தயமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் எண்களை எழுதுங்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடியுங்கள். ஒரு சுற்று பின்தங்கியவனைக் கணக்கு தவறி முன்னணியில் சேர்த்துவிட்டால் அப்புறம் ஊரே சண்டை.

4. முடிவுக்கோடு. இங்கேதான் வேலையே. ஓட்டப்பந்தயம் போல மார்பைப் பார்க்கக் கூடாது. முன்சக்கர டயர் கோட்டின் முதல் விளிம்புக்கு நேர் மேலே வந்து தொடுகிற கணம்தான் கணக்கு. பெரிய பந்தயங்களில் 72 செ.மீ. வெள்ளைப் பட்டையின் நடுவே 4 செ.மீ. கறுப்புக்கோடு போடுவார்கள். சுண்ணாம்புத் தூளைக் கையால் அள்ளி முழ அகலத்துக்குத் தூவிவிட்டால் எது விளிம்பு என்று நீங்களே திணறுவீர்கள், ஆகவே கயிறு பிடித்துப் பெயிண்ட் அடியுங்கள். கோட்டுக்கு நேராக உட்காருங்கள், சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும். பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு செல்போன் வீடியோ எடுக்கட்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் தலை நிமிராமல் எழுத வேண்டும். கடைசி நூறு மீட்டரில் தன் பாதையை விட்டு விலகி அடுத்தவனை ஓரம் கட்டியவனை முடிவுப் பட்டியலில் கீழே இறக்கிவிடுங்கள்.

5. புகார்களைக் கேட்டு, வீடியோ பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்ட பிறகே மைக்செட்காரரிடம் கொடுங்கள். பெயர் ஒலிபெருக்கியில் ஒருமுறை வந்துவிட்டால் போச்சு, பரிசுக் குத்துவிளக்கை வாங்க அவன் அப்பத்தா மேடை ஏறிவிடும்.