ஃபோர்ட் கொச்சியில் தங்குவதற்கு வீடு தேடுகிறீர்களா?

ஃபோர்ட் கொச்சி போனால் பெரிய ஹோட்டலை விட ஹோம்ஸ்டேதான் நல்லது என்பேன். பழைய ஓட்டு வீடுகளில் மாடியில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, கீழே வீட்டுக்காரர்களே குடியிருப்பார்கள். காலையில் சுடச்சுட ஆப்பமும் ஸ்டியூவும், இல்லையென்றால் புட்டும் கடலைக்கறியும் கிடைக்கும்.

கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இணையத்தில் படம் பார்த்ததும் பணம் கட்டிவிடாமல், வீட்டுக்காரரிடம் ஒருமுறை போனில் பேசுங்கள். குடும்பம் அங்கேயே இருக்கிறதா, காலை உணவு வாடகையில் சேர்ந்ததா, ஏசிக்குத் தனிக் கட்டணம் உண்டா, இந்த மூன்றையும் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வயதானவர்கள் வந்தால் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வீடுகளின் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும்.

இடம் என்றால் பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு பக்கம் பாருங்கள். சீன மீன்பிடி வலைகள் நடக்கும் தூரம்தான். எர்ணாகுளத்தில் இறங்கி ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு பிடித்தால் போக்குவரத்து நெரிசலே இல்லை. ராத்திரி ரொம்ப நேரம் கழித்து வந்தால் படகு இருக்காது, சாலை வழிதான்.

அப்புறம், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை கார்னிவல் திருவிழாக் கூட்டம். அந்த வாரம் போவதானால் மிக முன்னதாகவே சொல்லி வையுங்கள். ஜூன், ஜூலையில் மழை கொட்டும். ஆனால் வாடகை குறைவு, பேசிப் பார்க்கலாம்.