ஃபேன் ஓடவில்லையா? உடனே ‘டைரக்ட்’ கொடுக்காதீர்கள்

போன வாரம் ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று கேட்டதும், புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டடி வயரை வெட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டான். என்ன செய்யப்போகிறான் என்று கேட்கவே வேண்டியதில்லை: சுவிட்சைத் தாண்டி ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுப்பான், அதுதான் ‘டைரக்ட்’. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். ஃபியூஸைப் பார், பிளக்கை ஆட்டிப் பார் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டைரக்ட் கொடுப்பது

பழைய கார்களில் ஃபேன் சுவிட்ச் கூலன்ட்டில், அதாவது ரேடியேட்டர் தண்ணீரில், மூழ்கியிருக்கும். கூலன்ட் 90, 95 டிகிரி வாக்கில் வந்ததும் சுவிட்ச் சேரும், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கும் சுவிட்ச்) இழுக்கும், ஃபேன் ஓடும். தண்ணீர் குறைந்துவிட்டால் சுவிட்சைச் சுற்றி இருப்பது காற்றுதான். அதன் மேல் சூடு ஒழுங்காக ஏறாது. எஞ்சின் கொதித்தாலும் சுவிட்ச் பேசாமல் இருக்கும்.

இது தெரியாத வயதில் ஒரு சின்னக் கார் என் கையில் கிடைத்தது. சுவிட்ச் வயர் இரண்டையும் சேர்த்தேன், ஃபேன் சுற்றியது. சரி, சுவிட்ச் போச்சு என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை கிடையாது. இக்னிஷனிலிருந்து ஒரு வயர் இழுத்து டைரக்ட் கொடுத்துவிட்டேன். கார்க்காரர் சந்தோஷப்பட்டு நூறு ரூபாய் கூடவே கொடுத்தார்.

ரேடியேட்டர் மூடியை நான் திறக்கவே இல்லை. கீழ் ஹோஸ் கிளிப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து, தொப்பூர் மேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டெம்பரேச்சர் மீட்டர் முள்ளும் ஏறவில்லை, ஏனென்றால் அந்த சென்சாரும் தண்ணீர் இல்லாமல்தான் நின்றது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துபோய், அதைச் சமமாக்கும் ஃபேசிங், கேஸ்கெட் என்று செலவு ஏறியது. பாதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஓடாத ஃபேன் தண்ணீர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

வயரைச் சேர்த்ததும் ஃபேன் ஓடினால் மோட்டார், ரிலே, வயரிங் நன்றாக இருக்கின்றன என்று மட்டுமே அர்த்தம். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து, நிரப்பி, காற்றை வெளியேற்றி, மறுபடி சூடேற்றிப் பாருங்கள். அப்போதும் ஓடாவிட்டால் சுவிட்சைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் அதன் முனையை மட்டும் முக்கி மல்டிமீட்டர் வையுங்கள். சேராவிட்டால் தூக்கிப் போடலாம்.

‘டிக்’ சத்தத்தை நம்புவது

ரிலேயின் கால்களுக்கு எண் உண்டு. 85, 86 உள்ளே இருக்கும் சுருளுக்கு. ‘டிக்’ என்றால் சுருள் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஃபேனுக்கான கரண்ட் 30-லிருந்து 87-க்குப் போகிறது; அந்த முனை கருகியிருந்தாலும் டிக் கேட்கும். மல்டிமீட்டரும் இங்கே ஏமாற்றும். ஒரே ஒரு இழை பிழைத்திருக்கும் வயரிலும் லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். ஃபேன் பிளக்கில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கட்டுங்கள். நாலைந்து ஆம்பியர் இழுக்கும்போது வண்டவாளம் தெரிந்துவிடும். பையன் கையிலெடுத்த காரிலும் இதுதான். ரிலே சாக்கெட்டில் 87 கறுத்துக் கிடந்தது. அவன் வெட்டிய வயர் இன்னும் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது.

எல்லா சுவிட்சும் ஒன்றென்று நினைப்பது

சில பழைய டொயோட்டாக்களில் நேர் எதிர்: குளிரில் சேர்ந்திருக்கும், சூட்டில் பிரியும். சோதிக்கும்போது பிளக்கைக் கழற்றினால்தான் ஃபேன் ஓடும். இஞ்செக்ஷன் வண்டிகள் பலவற்றில் ஃபேனுக்கென்று தனி சுவிட்சே இல்லை; கூலன்ட் சென்சாரைப் பார்த்து ஈசியுதான் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரிலேயை இழுக்கிறது. அங்கே போய் சுவிட்ச் தேடாதீர்கள்.

பெரிய ஃபியூஸ் போடுவது

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரும்பாலும் மோட்டார் இறுகிக் கிடக்கிறது. அதைப் பாருங்கள்.

எஞ்சின் ஆஃப்தானே என்று ஃபேனுக்குள் கையை விடுவது

சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் கிளம்பும். என் சுண்டுவிரல் நகம் இன்னும் நேராக வளரவில்லை.